கேட்கப் பழகுதல்: ஒரு மாணவியின் முதல் சமூகவியல் ஆய்வு

ஆறாம் செமஸ்டர் தொடங்கும்போது மாணவர்கள் தலைப்போடு வருவார்கள். "மேடம், பெண்கள் முன்னேற்றம் எடுத்துக்கட்டுமா?" என்பாள் ஒருத்தி. "இளைஞர்களும் சமூக ஊடகமும்" என்பான் இன்னொருவன். நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: "இது தலைப்பு. கேள்வி எங்கே?"

தலைப்பைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடலாம். கேள்வி அப்படி விடாது. அதற்குப் பதில் தேடி அலைய வேண்டும், கிடைக்கும் பதில் நாம் நினைத்ததற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். அந்த வாய்ப்பு இருந்தால்தான் அது ஆய்வு.

'கேள்' என்ற நம் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வினவுவதும் கேட்பதுதான், காது கொடுப்பதும் கேட்பதுதான். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'கேள்வி'. அது வினா தொடுப்பதைப் பற்றிப் பேசவில்லை, அறிந்தவர் சொல்லைச் செவிமடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. மாணவர் ஒருவர் செய்யும் முதல் சமூகவியல் ஆய்வில் இந்த இரண்டு வேலையும் உண்டு. முதல் பாதியில் நன்றாக வினவக் கற்கிறார், இரண்டாம் பாதியில் நன்றாகச் செவிகொடுக்கக் கற்கிறார். திட்டம், மாதிரி, படிவம், அட்டவணை எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை நிற்பவைதான். ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

தலைப்பிலிருந்து கேள்விக்கு

'பெண்கள் முன்னேற்றம்' என்று வந்த மாணவியிடம், "உங்க ஊர்ல பெண்கள் வாழ்க்கையில சமீபத்துல மாறின ஒண்ணைச் சொல்லு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "டவுன் பஸ் ஃப்ரீ ஆனது" என்றாள். அங்கிருந்து தொடங்கினோம்.

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற ஆணை 2021 மே 7 அன்று வந்தது. அதுவே பின்னர் 'விடியல் பயணம்' என்று பெயர் பெற்றது. இப்போது தலைப்பு சுருங்கிவிட்டது. ஆனால் "விடியல் பயணத்தால் பெண்கள் பயனடைந்தார்களா?" என்பது இன்னும் நல்ல கேள்வி ஆகவில்லை. 'பயன்' என்றால் என்ன? பணமா, நேரமா, வேலைவாய்ப்பா, நினைத்த நேரத்தில் வெளியே கிளம்ப முடிவதா? இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மூன்று சல்லடைகளில் போட்டுச் சலிக்க வேண்டும். நான் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய மனிதர்கள் இதற்குப் பதில் சொல்ல முடியுமா? ஒரு செமஸ்டருக்குள் முடியுமா? பதில் இப்போதே எனக்குத் தெரியுமா? கடைசிக் கேள்விக்கு விடை 'ஆம்' என்றால் அந்த ஆய்வைச் செய்யத் தேவையில்லை.

சலித்து எடுத்த பிறகு மாணவியின் நோட்டில் நின்றது இது: "கட்டணம் போன பிறகு, கிராமத்துப் பெண்கள் வீட்டுக்கு வெளியே போவதை முடிவு செய்யும் விதத்தில் என்ன மாறியிருக்கிறது?" சின்னக் கேள்விதான். ஆனால் குடும்பம், பணம், அதிகாரம் மூன்றும் இதற்குள் இருக்கின்றன. தனிமனிதரின் சங்கடத்தையும் சமூகத்தின் பிரச்சினையையும் சேர்த்துப் பார்க்கத் தெரிவதே சமூகவியலின் பார்வை என்று சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதினார். பஸ் காசுக்குக் கணவரிடம் கைநீட்டுவது ஒரு வீட்டுக்குள் நடக்கும் சங்கடம். அதே சங்கடம் தெரு முழுக்க இருந்தால் அது சமூக அமைப்பின் செய்தி.

முன்னே போனவர்கள்

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் நூலகம். மற்றவர்கள் இதைப் பற்றி ஏற்கெனவே என்ன கண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எது மிச்சம் இருக்கிறது என்பது தெரியும்.

இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வை முன்வைத்து அரசு சொல்லிவந்திருக்கிறது. ஆகவே, பணம் மிச்சமாகிறதா என்று மாணவி மறுபடியும் அளக்கத் தேவையில்லை. மிச்சமான பணம் யார் கையில் இருக்கிறது, பணம் கேட்கத் தேவையில்லாமல் போனதால் வீட்டுக்குள் பேச்சு எப்படி மாறியது என்பவை இன்னும் திறந்திருக்கும் கேள்விகள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோரில், பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்றது அது. எண்ணைவிட அவர்கள் கேட்ட முறைதான் நமக்குப் பாடம். "வீட்டு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று பொதுவாகக் கேட்டு விட்டுவிடவில்லை. நேற்று அதிகாலை 4 மணியிலிருந்து இன்று அதிகாலை 4 மணிவரை, அரைமணி அரைமணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். சராசரியைச் சொல்லச் சொன்னால் மனிதர்கள் ஊகிப்பார்கள். நேற்றைக் கேட்டால் நினைவுபடுத்திச் சொல்வார்கள்.

இன்னும் பின்னால் போனால் ஒரு பழைய உறவு கிடைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்கள் கையில் ஒரு கேள்வித் தொகுப்பைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதி வந்தது 1918இல் நூலாக வெளிவந்தது. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. தமிழ்நாட்டுக் கிராம ஆய்வின் முதல் ஏடுகளில் இருப்பது மாணவர்களின் கையெழுத்து. "நாங்க சும்மா ஸ்டூடண்ட்ஸ்தானே மேடம்" என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அளக்கத் தகுந்ததாக மாற்றுவது

'சுதந்திரம்' என்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆய்வுக்கு அதைப் பார்க்கவும் எண்ணவும் கூடிய செயல்களாக உடைக்க வேண்டும். கடந்த ஒரு மாதத்தில் ஊருக்கு வெளியே எத்தனை முறை போனார்? தனியாகவா, துணையோடா? கிளம்பும் முன் யாரிடமாவது கேட்டாரா, சொல்லிவிட்டுப் போனாரா, ஒன்றுமே சொல்லாமல் போனாரா? போன இடம் ரேஷன் கடை, ஆஸ்பத்திரி போன்ற கட்டாயமா, இல்லை கோயில், தாய்வீடு, தோழி வீடு போன்ற விருப்பமா?

'கேட்டுவிட்டுப் போவது', 'சொல்லிவிட்டுப் போவது' என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆங்கிலப் பாடநூலில் தேடினால் இது கிடைக்காது. நம் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இதன் எடை தெரியும். உள்ளூர்ப் பேச்சிலிருந்து கருத்தாக்கத்தை எடுக்கும் இந்த உரிமை, ஊரை அறிந்த மாணவருக்கு இருக்கும் பெரிய பலம்.

அடுத்தது ஒப்பீடு. திட்டம் வந்த பிறகு பயணம் கூடியது என்று ஒரு பெண் சொன்னால், காரணம் பஸ்தான் என்று உடனே எழுதிவிட முடியாது. திட்டம் தொடங்கியது கொரோனா இரண்டாம் அலையின் நடுவில். மே 10 முதல் முழு ஊரடங்கு. அதற்கு முந்திய ஆண்டிலும் ஊரடங்கு இருந்தது. வீடடைந்து கிடந்த காலத்தோடு ஒப்பிட்டால் எல்லாப் பயணமும் கூடித்தான் இருக்கும். 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாயும் வரத் தொடங்கியது. கையில் காசு இருப்பதும் ஒரு காரணமாகலாம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது. கட்டணச் சலுகை சாதாரண நகரப் பேருந்துக்குத்தான், வெளியூர்ப் பேருந்துக்குக் கிடையாது. எனவே டவுன் பஸ் வரும் ஊர் ஒன்றையும், ஷேர் ஆட்டோவையோ மினி பஸ்ஸையோ நம்பியிருக்கும் ஊர் ஒன்றையும் எடுக்கலாம். ஊரடங்கும் உரிமைத் தொகையும் இரண்டு ஊருக்கும் பொது, கட்டணமில்லாப் பஸ் மட்டும் ஓர் ஊருக்கு உண்டு. இதிலும் ஓட்டை இருக்கிறது: டவுன் பஸ் வரும் ஊர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதனாலேயே அங்கே வேலையும் பயணமும் கூடுதலாக இருக்கலாம். தூரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு ஊரைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தக் குறையை அறிக்கையில் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

யாரிடம் கேட்பது

மாணவர்கள் முதலில் சொல்வது, "பஸ் ஸ்டாண்டுல நின்னு நூறு பேர்கிட்ட ஃபார்ம் கொடுத்துடலாம் மேடம்." எளிது. ஆனால் பேருந்து நிலையத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வீட்டைவிட்டுக் கிளம்பி வந்துவிட்டவர்கள். கிளம்ப முடியாதவர் அங்கே இல்லை. நம் கேள்விக்கு அவர்தான் முக்கியமானவர்.

இந்தத் தவறு பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறக்குறைய 1 கோடி பேருக்கு வாக்கு அட்டைகள் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட் வென்றார், லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? அட்டையைத் திருப்பி அனுப்ப அக்கறைப்பட்டவர்களும் ஒரு சாராராகவே இருந்தார்கள். எண்ணிக்கை எத்தனை லட்சமானாலும் எடுத்த இடம் சாய்ந்திருந்தால் முடிவும் சாயும்.

ஆகவே வீடு வீடாகப் போக வேண்டும். வீடுகளை வரிசைப்படுத்தி, ஐந்தில் ஒன்று என்பதுபோல ஓர் ஒழுங்கோடு தேர்ந்தெடுக்கலாம். பூட்டிய வீட்டுக்கு மறுநாள் மாலை மீண்டும் போக வேண்டும். பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் கூலி வேலைக்குப் போனவர் வீடு. அதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குத் தாவினால் உழைக்கும் பெண்கள் ஆய்விலிருந்தே காணாமல் போவார்கள்.

இன்னொன்றையும் நம் மண்ணில் மறக்கக் கூடாது. ஊர் வேறு, காலனி வேறு. பஸ் நிற்கும் இடம் ஊர்த்தெருவுக்குப் பக்கத்திலா, காலனிக்குப் பக்கத்திலா? இரவில் இறங்கி நடக்க வேண்டிய தூரம் யாருக்கு அதிகம்? இரண்டு பகுதியும் மாதிரியில் இருந்தாக வேண்டும். எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைகிறோம், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பொறுத்துத்தான் மற்றவர்கள் நம்மிடம் பேசுவார்கள். மாணவரின் சொந்தச் சாதியும் இந்தக் கணக்கில் உண்டு. எனக்குச் சாதி இல்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு போனால் போதாது, கேட்பவரை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதையும் நோட்டில் எழுத வேண்டும்.

திண்ணையில் நடந்தது

படிவம் தயாரானதும் நாலைந்து பேரிடம் முன்னோட்டம் பார்க்க வேண்டும். மாணவியோடு நானும் போயிருந்தேன். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். திண்ணையில் ஒரு பெண் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஃப்ரீ பஸ் உங்களுக்குப் பயனுள்ளதா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"உங்க சுதந்திரம் அதிகமாகியிருக்கா?"

"ஆமாம்மா."

நான்கு வீட்டிலும் இதே பதில்கள். மாணவிக்கு மகிழ்ச்சி, எனக்குக் கவலை. பதில் கேள்விக்குள்ளேயே இருந்தது. அந்த அக்கா அதைத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். படிவமும் கையுமாக வருபவர்களை அரசு ஆட்கள் என்று நினைப்பதும் உண்டு. "குறைன்னு எழுதிட்டா நிறுத்திடுவாங்களா?" என்ற பயம் இருக்கும்போது யார் மனம் திறப்பார்?

அன்றிரவு படிவத்தைத் திருத்தினோம். மறுநாள் அதே திண்ணைக்குப் போனோம். மாணவி படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டுத் தானும் மல்லாட்டை உரிக்க உட்கார்ந்தாள்.

"அக்கா, கடைசியா டவுன் பஸ்ல எப்ப போனீங்க?"

"வெள்ளிக்கிழம."

"எங்க?"

"எங்க அம்மா ஊட்டுக்கு. சும்மா கொஞ்ச நேரம் குந்திட்டு வந்தேன்."

"முன்னல்லாம் எப்பெப்ப போவீங்க?"

"பொங்கலுக்குப் போவேன். அப்புறம் நல்லது கெட்டதுக்கு."

"இப்பப் போறப்ப அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போவீங்களா?"

உரித்த கை நின்றது. "முன்ன பஸ்ஸுக்குக் காசு கேக்கணும்மா. கேட்டா எதுக்குன்னு கேப்பாரு. இப்ப காசு கேக்க வேணாம். அதனால சொல்லவும் வேணாம்."

மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதல் நாள் 'ஆமாம்மா' என்று முடிந்துபோன கேள்விக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. அபிப்பிராயம் கேட்டால் மரியாதைக்குப் பதில் வரும், நடந்ததைக் கேட்டால் வாழ்க்கை வரும். வில்லியம் ஃபுட் வைட், பாஸ்டன் நகரத்து இத்தாலியக் குடியிருப்பில் தங்கி ஆராய்ந்து 1943இல் தம் நூலை வெளியிட்டார். அவசரப்பட்டு ஒரு கேள்வி கேட்டு அங்கிருந்தவர்கள் வாயடைத்துப்போனபோது, அவருடைய உள்ளூர் நண்பர் அவருக்குச் சொன்ன புத்திமதி இதுதான்: கேள்விகளைக் குறை, கூட இரு, பதில்கள் தாமாக வரும்.

ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு "பெண்கள் விடுதலை பெற்றனர்" என்று எழுதிவிடக் கூடாது. அது ஒருவருடைய சொல். அடுத்த வீட்டில், "காசு செலவில்லன்னு ரேஷன், ஆஸ்பத்திரி, ஸ்கூல் மீட்டிங் எல்லாத்துக்கும் என்னையே அனுப்பறாங்க" என்று ஒருவர் சொன்னால், அதே பஸ் அவருக்கு வேலைச் சுமை. இரண்டும் உண்மையாக இருக்கலாம். எது யாருக்கு, எந்தச் சூழலில் என்று பிரித்துக் காட்டுவதற்குத்தான் வீடு வீடாக ஏறி இறங்குகிறோம்.

கொடுத்த சொல்லைக் காப்பது

அந்த அக்கா சொன்னது கணவர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி ஒவ்வொரு மாணவரையும் உறுத்த வேண்டும். பேசத் தொடங்கும் முன், நாங்கள் யார், எதற்காகக் கேட்கிறோம், விருப்பமில்லாவிட்டால் எந்த நேரத்திலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதை எளிய தமிழில் சொல்ல வேண்டும். செல்போனில் ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். "பென்ஷன் கிடைக்குமா கண்ணு?" என்று ஓர் ஆயா கேட்டால், "எங்களால அது முடியாது ஆயா, இது படிப்புக்காக" என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். வாய்தவறிக் கொடுத்த நம்பிக்கையும் பொய்தான்.

அறிக்கையில் பெயர்களை மாற்ற வேண்டும். ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றைப் பற்றி 1965இல் எழுதிய நூலில் ஊரையே 'ஸ்ரீபுரம்' என்ற மாற்றுப்பெயரில்தான் குறித்தார். பெயரை மாற்றுவதோடும் வேலை முடியாது. "அங்கன்வாடி ஊழியர்" என்று எழுதினால் அந்த ஊரில் இருப்பவர் ஒருவர்தான், எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நேர்காணலின்போது கணவரோ மாமியாரோ பக்கத்தில் வந்து நின்று தாமே பதில் சொல்லத் தொடங்குவது அடிக்கடி நடக்கும். விரட்ட முடியாது. யார் இருந்தார்கள், எந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நம் கேள்விக்கு அதுவே ஒரு தரவு.

குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும். மறுநாள் பாதி மறந்திருக்கும், மறக்காத பாதியும் நம் கருத்தோடு கலந்திருக்கும். எழுதியதைப் படமெடுத்து வேறோர் இடத்தில் வைப்பதும் அவசியம். எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி எடுத்த குறிப்புகளைப் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்துவைத்திருந்தார். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கிப் பணியாற்றிய மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். தொகுத்த குறிப்புகளின் மூன்று படிகளும் அங்கேயே இருந்ததால் மூன்றும் எரிந்தன. பெரும்பாலும் நினைவிலிருந்தே அவர் எழுதிய நூல் 1976இல் வந்தது. நமக்கு அவருடைய நினைவாற்றல் இருக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

எண்ணுவது, வாசிப்பது, எழுதுவது

ஒரு செமஸ்டர் என்பது ஏறத்தாழ பதினாறு வாரம். கேள்வியைச் செதுக்கவும் வாசிக்கவும் நான்கு, படிவத்துக்கும் முன்னோட்டத்துக்கும் இரண்டு, களத்துக்கு நான்கு, பகுப்பாய்வுக்கு மூன்று, எழுத மூன்று என்று நான் பிரித்துக் கொடுப்பேன். பலர் களப்பணியோடு ஆய்வு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பகுப்பாய்வுக்கு இரண்டு நாள் ஒதுக்குகிறார்கள். அங்கேதான் ஆய்வு கெட்டுப்போகிறது.

எண்களை எக்செலில் ஏற்றி "ஆம் இத்தனை சதவீதம், இல்லை இத்தனை சதவீதம்" என்று வண்ண வட்டப்படம் போடுவது பகுப்பாய்வு ஆகாது. ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சொல்லாமல் கிளம்புபவர்கள் எந்த வயதினர்? சொந்த வருமானம் உள்ளவர்களா? மாமியார் உடன் இருக்கும் வீடா? சிறு மாதிரி என்பதால் சதவீதத்தோடு உண்மையான எண்ணிக்கையையும் தர வேண்டும்.

பேச்சுகளை வேறு விதமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு நேர்காணலையும் இரண்டு மூன்று முறை படித்து, திரும்பத் திரும்ப வருவனவற்றுக்குப் பெயர் வைக்க வேண்டும்: 'காசு கேட்பது', 'சொல்லிவிட்டுப் போவது', 'கூடுதல் வேலை', 'கண்டக்டரின் முகம்'. பிறகு, நம் முடிவுக்குப் பொருந்தாத பேட்டிகளைத் தேடி எடுக்க வேண்டும். அவற்றை ஒதுக்காமல், ஏன் பொருந்தவில்லை என்று விளக்க முயன்றால் ஆய்வு ஆழமாகும்.

எழுதும்போது வரிசை எளிது. என்ன கேட்டோம், முன்பு என்ன தெரிந்திருந்தது, எப்படித் தேடினோம், என்ன கண்டோம், அதற்கு என்ன பொருள், எது எங்களுக்குப் பிடிபடவில்லை. கடைசிப் பகுதியைச் சிலர் வெட்கத்தோடு இரண்டு வரியில் முடிக்கிறார்கள். உண்மையில் அடுத்து வரும் மாணவருக்கு அதுதான் வாசல்.

ஊருக்கு ஊர் ஜெராக்ஸ் கடைகளில் முடித்த புராஜெக்ட் பெயர் மட்டும் மாற்றி ஸ்பைரல் போட்டுக் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். வைவாவில் அது தப்பிவிடவும் செய்யும். எனக்கு அதில் வலிப்பது மதிப்பெண் அல்ல. அந்த மாணவர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, தன்னிலும் மூத்த ஒருவர் தன் வாழ்க்கையை நம்பிக் கையில் கொடுக்கும் அந்த நிமிடத்தை இழந்துவிடுகிறார். மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பில் அதற்கு வேறு தாள் கிடையாது.

ஸ்லேட்டரின் மாணவர்கள் எழுதிய இருவேல்பட்டு விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1930களில் ஆய்வாளர்கள் அங்கே மறுபடியும் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போய், கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டில் நிலமும் கூலியும் சாதியும் எப்படி மாறின என்று எழுதினார்கள். அவர்களில் ஜெயரஞ்சன் பின்னர் மாநிலத் திட்டக் குழுவின் துணைத்தலைவரானார். நாம் பார்த்த அந்த 888 ரூபாய்க் கணக்கு வந்தது அந்தக் குழுவிலிருந்துதான். ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கம் இருந்ததற்குக் காரணம், 1916இல் மாணவர்கள் கண்டதைக் கண்டபடி எழுதிவைத்ததுதான்.

அதனால் மாணவியின் களநோட்டை முதன்முதலாகத் திருத்தியபோது நான் சிவப்பு மையில் எழுதியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, நேரம், எந்தத் தெரு, யார் யார் உடனிருந்தார்கள் என்று எழுது. எழுபது ஆண்டு கழித்து அந்த ஊருக்கு ஒருத்தி வருவாள். அவளுக்கு இது வேண்டியிருக்கும்.